மூவ்மென்ட் ரிஜிஸ்டரில் இல்லாத பெயர்

நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால் வேலையை இழந்தவன் நான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் நானும் இன்னொருவனும் ஒப்பந்தக் கணினி ஊழியர்கள். அவன் தில்லியிலேயே பிறந்த தமிழன். என்னை அண்ணா என்பான். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள், மற்றவரை அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். எனக்குக் கிடைத்தால் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸுக்கு மனுப் போடலாம் என்று மனைவி ஆசைப்பட்டாள்.

தில்லிப் புறநகரான துவாரகாவின் கிளையில் ஒரு சர்வர் இருந்தது. காலையில் கணினிகளைப் போட்டதும் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் முகவரி கொடுப்பது அதன் வேலை. அந்தச் சேவை அடிக்கடி மக்கர் செய்யும். கிளையே கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். இங்கிருந்தே சரிசெய்யலாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். ஆள் போனால்தான் கிளைக்காரர்களுக்குத் திருப்தி என்று அவனை ஜீப்பில் அனுப்புவார். போய்ச் சேர்ந்ததும் அவன் எனக்கு போன் செய்வான்.

"அண்ணா, இங்க எல்லாம் பந்த், ஒண்ணும் ஓடல. ஜல்தி பாருங்க."

கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பேன். இரண்டு சாய்கோடு போட்டு அந்த சர்வரின் பெயர், பிறகு ஸ்டாப், பிறகு சேவையின் பெயர். அதே வரியை ஸ்டார்ட் என்று மாற்றி இன்னொரு முறை. அவன் அங்கே டீ குடித்துவிட்டு வந்து, வெளியே போகிறவர்களுக்கான மூவ்மென்ட் ரிஜிஸ்டரில் 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். உட்கார்ந்த இடத்தில் செய்த வேலையை எழுத எந்த ரிஜிஸ்டரும் கிடையாது. மடையன், நானும் கேட்கவில்லை.

யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவுசெய்யும் நாளன்று அதிகாரி அந்த ரிஜிஸ்டரைத்தான் புரட்டினார். அவரும் நம்மூர்க்காரர்.

"ரெண்டு வருஷத்துல உங்க பேரு ஒரு எடத்துலயும் இல்லையேப்பா."

"அதெல்லாம் இங்கேருந்தே நான் சரிபண்ணது சார்."

"அச்சா. அப்ப அவன் எதுக்கு அங்க போனான்?" அனுப்பியவரே கேட்டார்.

அவன் பக்கத்தில்தான் நின்றான். குனிந்து ரிஜிஸ்டரில் தன் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை போன மறுவாரம் வீட்டுக்கு போன் வந்தது.

"அண்ணா, துவாரகா திரும்ப நின்னுடுச்சு. அந்த ரெண்டு கோடும் எந்தப் பக்கம் சாயணும்?"

போனை வைத்துவிட்டிருக்கலாம். அங்கே கிளையில் காத்திருப்பவர்கள் நினைவுக்கு வந்து தொலைத்தார்கள்.

"இடப்பக்கம்," என்றேன். "ஜீப் வரலையா?"

"இனிமே நான் போகவேண்டாம்னுட்டாங்க அண்ணா. உங்க சீட்லதான் உக்காந்திருக்கேன்."