டைம்கீப்பர் கரையிறங்கிய கதை

கப்பல் அந்தத் துறைமுகத்தில் காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை நிற்கும் என்று அறிவிப்புத்தாளில் போட்டிருந்தார்கள். மற்ற பயணிகள் இதைப் படித்துவிட்டு, ஏழு மணி நேரம் ஜாலியாகச் சுற்றலாம் என்று தொப்பியைத் தேடினார்கள். டைம்கீப்பர் படித்தது வேறு. மூன்று மணிக்கு மேல் வருகிறவனைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அன்று இரவு அவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கால அட்டவணை எழுத உட்கார்ந்தார்.

இந்த நியாயம் அவருக்குப் புதிதல்ல. முப்பத்துநாலு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து அதை வழங்கியவரே அவர்தான். ஓடிவருகிற பயணி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாலும், தரையில் இருக்கும் இன்னொரு காலைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். விசில் ஊதிவிடுவார். பிரசவமா, பரீட்சையா, பெண் பார்க்கிற படலமா என்று விசாரிக்கிறவனுக்கு எதற்கு விசில் என்பது அவர் கட்சி. டிப்போவில் அவருக்கு 'முள்' என்று பெயர். கடிகாரத்தில் இருப்பதா, காலில் குத்துவதா என்று யாரும் விளக்கவில்லை. அவர் முதலாவது என்றே வைத்துக்கொண்டு பெருமைப்பட்டார். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்தான். அறுவடை கப்பல் ஏறி வரும் என்று வாத்தியார் சொல்லித்தரவில்லை.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். தெருவில் எல்லோருக்கும் தையல்காரம்மா. கணவர் நிமிஷத்தை அளந்தார் என்றால் இந்த அம்மா துணியை அளந்தார். ஆனால் பிள்ளைகள் வளருமே என்று எந்தச் சட்டையிலும் உள்ளே ஓர் அங்குலம் மடித்துவிட்டுத்தான் தைப்பார். கணவரிடம் அந்த ஓர் அங்குலம் கிடையாது. அதனால் ஏற்பட்டதுதான் பாட்டில் விவகாரம்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் டிப்போ ஊழியர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். காலை ஆறு மணிக்கு பஸ். தையல்காரம்மா அதற்குமுன் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. பஸ்ஸில் கைப்பையை வைத்து, குழந்தையைக் கணவர் மடியில் உட்கார்த்திவிட்டு, கேஸ் சிலிண்டரை மூடினோமா இல்லையா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினார். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது மணி ஆறு நாலு. பஸ் இல்லை. மடியில் குழந்தையும் வாயில் விசிலுமாக டைம்கீப்பரே ஊதி அனுப்பி, தானும் அதிலேயே போய்விட்டிருந்தார். சாயந்திரம் மனைவிக்காக ஒரு பழைய டானிக் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். அந்த அம்மா வாங்கி, அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். பதினேழு நாள் வீட்டில் பேச்சில்லை. பிறகு பேச்சு வந்தது. பாட்டில் மட்டும் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு கடலுக்குப் போகலாம் என்ற பேச்சை எடுக்க இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது அந்தக் குழந்தை வளர்ந்து, சம்பாதித்து, அப்பா அம்மாவைக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தாள். ஐந்து நாளாகச் சுற்றிலும் கடல்தான். ஆனால் எட்டாவது மாடியிலிருந்து பார்ப்பதெல்லாம் தையல்காரம்மாவின் கணக்கில் சேரவில்லை. கால் நனைய வேண்டும்.

அறிவிப்புத்தாளோடு கொடுத்த படத்தில் மூன்று கடற்கரைகள் இருந்தன. முதலாவது துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், பத்து நிமிஷ நடை. படத்தில் அதற்கு ஒரு புள்ளிதான், போட்டோகூட இல்லை. இரண்டாவதற்குப் படகில் போக வேண்டும். கப்பலை விட்டு இறங்கி இன்னொரு படகில் ஏறுவது பிடித்த கயிற்றை விட்டுப் பாம்பைப் பிடிக்கிற வேலை என்று டைம்கீப்பர் அதை உடனே அடித்துவிட்டார். மூன்றாவது, டவுன் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். வெள்ளை மணல், மர நிழல், முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். தையல்காரம்மா அதன்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

டைம்கீப்பர் ஒரு மணி நேரம் வாதாடினார். பஸ் பழுதாகலாம், டயர் வெடிக்கலாம், பாலம் இடியலாம் என்று ஊரில் இல்லாத பாலத்தையெல்லாம் கட்டி இடித்தார். கடைசியில் தத்துவத்துக்கு வந்தார்.

"இங்க பாரு, கடல்னா எல்லாம் ஒரே தண்ணிதான்."

"தெரியும். பாட்டில்ல பாத்திருக்கேன்."

அதோடு வாதம் முடிந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பாட்டு ஹாலில் காலை அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது டைம்கீப்பர் மனைவியோடு இறங்கும் வாசலில் முதல் ஆளாக நின்றிருந்தார். அறிவிப்பு கேட்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்ற பயம். சட்டைப் பையில் அவரே எழுதிய கால அட்டவணை இருந்தது. அதற்குப் பின்னால், ஓய்வு பெற்ற பிறகும் விட்டுப் பிரியாத விசில். தையல்காரம்மாவின் தோளில் ஒரு துணிப்பை கனமாகத் தொங்கியது. என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "துண்டு" என்றார். துண்டு இவ்வளவு கனக்குமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அதில் ஒரு நிமிஷம் போகும்.

ஒன்பது மணிக்கு விட்டார்கள். துறைமுக வாசலில் ஒரு தூணின் உச்சியில் பெரிய வட்டக் கடிகாரம் இருந்தது. டைம்கீப்பர் அதை நிமிர்ந்து பார்த்தார். மணி பத்து. கையில் ஒன்பது.

இந்த மாதிரி வழக்கில் தீர்ப்பு அவருக்கு அத்துப்படி. கைக்கடிகாரம் தனியார். தூணில் இருப்பது அரசாங்கம். இரண்டுக்கும் தகராறு வந்தால் அரசாங்கம்தான் ஜெயிக்க வேண்டும். டிப்போவில் தினமும் காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கையில் இருப்பதைத் திருத்துவார். இப்போதும் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார். தள்ளத் தள்ள ஆயுளிலேயே ஒரு மணி நேரம் குறைவது போலிருந்தது.

"கடிகாரத்தைத் தொடாதீங்கன்னு அந்த ரூம் கூட்டுற பொண்ணு ஏதோ சொல்லுச்சேங்க," என்றார் தையல்காரம்மா.

"டைமைப் பத்தி எனக்கே பாடமா?" என்று அந்தப் பேச்சை அவர் அங்கேயே இறக்கிவிட்டார்.

பதினொரு மணி பஸ்தான் கிடைத்தது. அதன் டிரைவரோ டைம்கீப்பர் சர்வீஸில் இருந்திருந்தால் மாதம் இரண்டு முறை மெமோ வாங்கியிருக்கக்கூடிய ஆசாமி. பதினொரு மணியாகியும் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, வழக்கமாக வருகிற பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்கப் போயிருக்கிறார் என்றார்.

"வந்துடுவாரு சார். தினமும் மறப்பாரு. தினமும் போய் எடுத்துட்டு வருவாரு."

டைம்கீப்பரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மனைவி பார்த்தார். கை வெறுமனே அட்டவணையை எடுத்துக்கொண்டு திரும்பியது.

கண்ணாடிப் பெரியவருக்காகக் கால் மணி நேரம். பிறகு ஒரு சந்தில் யாரோ கை காட்டினார்கள் என்று நிறுத்தம். கை காட்டியவர் ஏறவில்லை, டிரைவரை நலம் விசாரிக்கத்தான் காட்டினாராம். டைம்கீப்பர் பெருவிரலால் அட்டவணையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே வந்தார். அவர் மனக்கண்ணில் கப்பல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முழம் நகர்ந்தது. பாஸ்போர்ட், மருந்து, மாற்று வேட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அது போவதும், தாம் இருவரும் பேர் தெரியாத ஊரில் ஒரு துண்டோடு நிற்பதும் தெளிவாகத் தெரிந்தது. துணிப்பையில் துண்டு இருப்பதை நினைத்துச் சிறிது தைரியம் வந்தது.

பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்தபோது அவர் கையில் மணி பன்னிரண்டு ஐம்பது. மணலுக்குப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். இதே பஸ் ஒரு மணிக்குத் திரும்புகிறது. அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. அது துறைமுகம் போய்ச் சேர மூன்றரை ஆகிவிடும். டைம்கீப்பர் மூன்று தடவை கூட்டினார். மூன்று தடவையும் கப்பல் போய்விட்டது.

தையல்காரம்மா இறங்கி நாலடி நடந்திருந்தார். மரங்களுக்கு நடுவே பச்சையாக ஒரு கோடு மினுங்கியது. அலைச் சத்தமும் கேட்டது.

"ஏறு," என்றார் டைம்கீப்பர். "இதுல ஏறலைன்னா கப்பல் இல்ல."

தையல்காரம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். அதில் அதிகாரம் இல்லை, பேயறைந்த பயம்தான் இருந்தது. அதிகாரமாக இருந்திருந்தால் ஒருவேளை நடந்தே போயிருப்பார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

துறைமுக வாசலில் இறங்கி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, கப்பல் படியடியில் சங்கிலி பிடித்து நின்ற காவலாளியிடம் மூச்சிரைக்க அட்டையை நீட்டினார். மணி இரண்டரை. அரை மணி மிச்சம். பிழைத்தோம் என்று நினைத்தார்.

காவலாளி அட்டையைத் திருப்பித் தந்தான். "ஏன் சார் ஓடி வர்றீங்க? கப்பல்ல இப்ப ஒன்றரைதான். ஊர் நேரம் ஒரு மணி நேரம் முன்னால. கடிகாரத்த மாத்தாதீங்கன்னு காலைல சாப்பாட்டு ஹால்ல மூணு தடவை சொன்னாங்களே."

கப்பல் போய்விடும் என்ற பயம் டைம்கீப்பரை விட்டு அந்தக் கணமே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு மணி பஸ்ஸிலேயே வந்திருக்கலாம், நடுவில் முக்கால் மணி நேரம் மணலில் இருந்திருக்கலாம் என்ற கணக்கு, கூட்டாமலே வந்து எதிரில் நின்றது. பதினேழு நாள். கப்பலில் இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. மீதி பன்னிரண்டு வீட்டில்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரம்மா கிடங்குகளைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். படத்தில் புள்ளியாக இருந்த முதல் கடற்கரைக்கு.

அது கடற்கரை என்று சொன்னால்தான் தெரியும். தார் ஒட்டிய கல், அறுந்த கயிறு, கால் போன ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றின் மேலும் கிரேனின் நிழல். தையல்காரம்மா செருப்பைக் கழற்றினார், புடவையைத் தூக்கிச் செருகினார், தண்ணீரில் இறங்கி நின்றார். அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். அலை வந்தபோது ஒரு தடவை சின்னதாகச் சிரித்த மாதிரி இருந்தது. அது தன்னைப் பார்த்தா, அலையைப் பார்த்தா என்று தெரியாமல் டைம்கீப்பர் ஒரு காய்ந்த கல்லின் மேல் ஷூவோடு நின்றார். கையில் இருந்ததைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். ஆனால் அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. நிமிஷத்துக்கு ஒருமுறை கிடங்கின் கூரைக்கு மேலே தெரிந்த கப்பலின் புகைபோக்கியைப் பார்த்து, இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார்.

இரண்டு நாற்பதுக்கு, "போலாமா?" என்றார். அந்தக் கேள்விக்குறியை அவர் கல்யாணத்துக்குப் பிறகு உபயோகித்தது அதுவே முதல் தடவை.

தையல்காரம்மா துணிப்பையைத் திறந்து துண்டை எடுத்தார். துண்டுக்குள்ளிருந்து டானிக் பாட்டிலை எடுத்தார்.

அடுக்களையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த பாட்டில் இத்தனை கடல் தாண்டி எதிரில் வந்து நின்றது. அந்த அம்மா மூடியைத் திருகினார். துருப்பிடித்து இறுகியிருந்தது. புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினார். அசையவில்லை.

அப்போது கப்பல் சங்கு ஊதியது.

டைம்கீப்பருக்கே தெரியாமல் விசில் வாய்க்கு வந்துவிட்டது. தையல்காரம்மா பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நாலு நிமிஷம் பொறுங்க."

ஊதியிருக்கலாம். வாயில் காற்றும் இருந்தது. அவர் விசிலை எடுத்துப் பைக்குள் போட்டார். புகைபோக்கியை ஒருமுறை பார்த்தார், இருந்தது. பிறகு ஷூவோடு, சாக்ஸோடு தண்ணீரில் இறங்கி, "கொண்டா" என்று பாட்டிலை வாங்கினார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை, பயத்தில் வந்த பலமோ என்னவோ, மூடி கறகறவென்று சுற்றிக்கொண்டு வந்தது.

தையல்காரம்மா அவர் கையோடு சேர்த்துப் பாட்டிலைச் சாய்த்தார். பழைய தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கியது. எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று டைம்கீப்பர் பார்க்கவில்லை. கடிகாரம் கட்டிய கையில்தான் பாட்டில் இருந்தது. கையைத் திருப்பினால் தண்ணீர் சிதறும்.

பிறகு ஓடினார்கள். ஷூ ஒவ்வொரு அடிக்கும் களக் களக் என்று சாட்சி சொன்னது. காவலாளி சங்கிலியைப் பாதி இழுத்திருந்தான். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அட்டையை வாங்கி, இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கடவுளே வந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன் என்றான். இவர்கள் ஏறினதும் சங்கிலியை மாட்டினான். தூரத்தில் இரண்டு கையிலும் பையோடு ஒருவர் ஓடிவருவது தெரிந்தது. காவலாளி அவரைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கொக்கியைத் தட்டிச் சரிபார்த்தான்.

"நல்ல ஸ்டாஃப்," என்றார் டைம்கீப்பர், மரியாதையோடு.

தையல்காரம்மா காலி பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டே படியேறினார்.

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளுங்க. ஆகலைன்னா, வரப்போற பொண்ணையாவது காப்பாத்தலாம்."