வாசலில் கிடந்த செருப்பு

காலிங்பெல் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உங்க ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க" என்றாள் மனைவி. பல நாளாகக் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்த நான், கதவருகே இருந்த என் ஷூக்களைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில், அப்பாவும் இப்படித்தான் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். குளிக்காத உடம்பும் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணையும் அறையெல்லாம் நாறும். ஆபீஸிலிருந்து யாராவது தேடி வந்தால், "கிரிவலம் போயிருக்காருங்க, வர லேட்டாவும்" என்பாள் அம்மா. அப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடக்கும். யாரும் சந்தேகப்பட்டதில்லை, மலையை வெறுங்காலோடுதானே சுற்றுவார்கள்! "சாருக்கு பக்தி ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டுப் போவார் வந்தவர். உள்ளே அப்பா போர்வையைக் கடித்துக்கொண்டு அழுவார்.

சென்னையில் சுற்றிவர மலை இல்லை. மனைவி என் ஷூக்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.