கடித்துக் கேட்ட பாட்டு

மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம். ஆவணி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஊர்காவற்றுறையில் புதிதாகத் திறந்திருந்த நூதனசாலை ஒன்றைப் பார்ப்பதற்காக எங்கள் ஊரான சரவணையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் மோட்டார்சைக்கிளில் புறப்பட்டோம். முன்னால் எண்ணெய்த் தாங்கியின் மேல் மகள், நடுவில் கணவர், பின்னால் தண்ணீர்ப் போத்தலும் குடையுமாக நான்.

நூதனசாலை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கண்ணாடிப் பெட்டிகளும் “தொடவேண்டாம்” என்ற பலகையும்தான். இது வேறு மாதிரி. கடற்கரையோரம் கூரையில்லாமல் கிடந்த பழைய பண்டகசாலை ஒன்றை, வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து திருத்திக் கொடுத்திருந்தார்கள். விஞ்ஞானம், வரலாறு, சித்திரம் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், கழற்றிப் பூட்டலாம் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரூராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். தீவுப்பகுதிச் சனம் முழுக்க அன்றைக்கு அங்கேதான் நின்றது போலிருந்தது.

கணவருக்கு வருவதற்குப் பெரிய விருப்பமில்லை. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறவேண்டும் என்றார். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தவணை முடிவில் மகளின் ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் கதைத்திருந்தார். பிள்ளை வகுப்பில் கவனிப்பதில்லை, ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொல்கிறாள், சொல்வதெழுதுதலில் பாதி எழுதாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறாள் என்றார். மகள் வயதுக்கு மிஞ்சிய உயரம். அதனால் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். வீட்டிலும் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புவாள். அவளுடைய தகப்பனும் சின்ன வயதில் இப்படித்தான், தன்பாட்டில் இருப்பார் என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். கையால் தொட்டு, செய்து பார்த்தால் பிள்ளைக்குப் படிப்பில் ஒரு பிடிப்பு வராதா என்பதுதான் என் எண்ணம்.

உள்ளே போனதும் மகள் எங்களுடைய கையை விட்டுவிட்டாள். நெடுந்தீவு மதில்களைப் போல, கடலிலிருந்து எடுத்த முருகைக்கற்களை அடுக்கிச் சுவர் கட்டும் இடம் ஒன்றிருந்தது. சாந்து இல்லை, மண் இல்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற இடத்தில் வைக்கவேண்டும். மற்றப் பிள்ளைகளின் சுவர்கள் சரிந்துகொண்டிருக்க, இவள் இடுப்பளவு உயரத்துக்குக் கட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பாய்மரம் ஏற்றும் படகில் கயிற்றை எந்தக் கப்பியால் இழுத்தால் இலேசாக வரும் என்று தானே கண்டுபிடித்தாள். சித்திரப் பகுதியில் பழைய மரக்கதவின் பூவேலைக்கு மேலே கடதாசியை வைத்து நிறக்கட்டியால் தேய்த்துப் படம் எடுத்தாள். இந்தப் பிள்ளையையா கவனமில்லை என்கிறார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

அதற்குப் பிறகு சத்தத்துக்கான பகுதிக்கு வந்தோம். மண்டபத்தின் இரண்டு முனைகளிலும் டிவிக்குக் கூரையில் பூட்டுகிற பெரிய டிஷ் இரண்டை ஒன்றையொன்று பார்க்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு டிஷ்ஷுக்குள் முகத்தை வைத்து இரகசியம் போல மெல்லப் பேசினால், அவ்வளவு சனத்தின் இரைச்சலுக்குள்ளும் மற்ற முனையில் இருப்பவருக்கு அது காதுக்குள் சொன்னதுபோலக் கேட்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று மாறி மாறிக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுடைய முறை வந்தது. மகளை ஒரு முனையில் முக்காலியில் இருத்திவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். கணவர் மற்ற முனைக்குப் போனார். அவர் சொன்னது எனக்கே தெளிவாகக் கேட்டது.

“குஞ்சு, ஐஸ்கிறீம் வேணுமோ?”

மகள் டிஷ்ஷைப் பார்த்தபடி இருந்தாள். அவர் திரும்பவும் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் உரத்துக் கேட்டார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்பா எப்ப கதைப்பார்?” என்றாள்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கணவர் அங்கிருந்து வந்து, “இவளுக்கு எங்கயோ நினைவு, வாரும் போவம்” என்று என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் நின்ற பெண் என் தோளில் மெல்லத் தொட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு அவருடைய மகள்.

“கோவிக்காதையுங்கோ தங்கச்சி. பிள்ளைக்குக் காது கேக்குதோ எண்டு எப்பவாவது டொக்டரிட்டைக் காட்டிப் பாத்தனீங்களோ?”

நான் வாய் திறப்பதற்கு முன்பே கணவர் முந்திக்கொண்டார்.

“என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நல்லாத்தான் கதைக்கிறாள். நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ.”

சத்தம் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தால் முகம் சிவந்து விலகிப் போயிருப்பேன். அந்தப் பெண் விலகவில்லை.

“ஓம், என்ர மோளும் நல்லாத்தான் கதைச்சவள். ஐஸ்கிறீம் எண்டு கேட்டும் திரும்பாத பிள்ளையை நான் இதுக்கு முதல் என்ர வீட்டிலதான் பாத்தனான்.”

அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே தன் பின்னலை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி. புதுத் தோட்டைக் காட்டுவதுபோல ஒரு சிரிப்பு வேறு.

ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குச் “செவிடு” என்று பெயர் விழுந்தால் அது எவ்வளவு தூரம் அவளோடு போகும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடவேண்டும் போலிருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். அந்தப் பெண் மறிக்கவில்லை. பக்கத்திலிருந்த மேசையைக் காட்டி, “போக முதல் அந்தப் பெட்டியடிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோ. பாத்துப்போட்டு வந்து என்னை ஏசுங்கோ” என்றார்.

தடித்த மரப்பெட்டி ஒன்று. உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து பென்சில் தடிப்பில் ஓர் உருக்குக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற பல்கலைக்கழகப் பிள்ளை கம்பியின் முனைக்குப் புதிய கடதாசி உறை ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு கம்பியைப் பல்லால் கடிக்கச் சொன்னார். சத்தம் காதுத் துவாரத்தால் மட்டும் போவதில்லை, எலும்பாலும் போகும் என்றார்.

முதலில் கணவர் கடித்தார். முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கலைந்தது. பிறகு குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். மெல்லிதாக, ஆனால் விளங்கும்படி பாட்டுக் கேட்டது. அவர் மகளைத் தூக்கி அவளுடைய காதையும் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு இறக்கிவிட்டு, “கேக்குதோ?” என்றார்.

மகள் அவருடைய வாயையே பார்த்தாள். “ம்ம்” என்று தலையாட்டினாள்.

“என்ன பாட்டு?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்வதெழுதுதலில் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பதும் இந்தப் பார்வைதானே என்று அந்தக் கணத்தில் எனக்கு உறைத்தது. நாங்கள் கதைக்கும்போதெல்லாம் அவள் எங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பிக்குப் புது உறை போட்டார்கள். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடித்தாள்.

கண் இரண்டும் பெரிதாக விரிந்தன. வாயை எடுத்தாள். திரும்பக் கடித்தாள். எடுத்தாள். கடித்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“அம்மா, என்ர பல்லுக்குள்ள ஆரோ பாட்டுப் படிக்கினம்!”

இந்தமுறை எல்லாரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கணவர் அப்படியே அருகிலிருந்த கதிரையில் இருந்துவிட்டார். மகள் கம்பியை விடமாட்டேன் என்று நின்றாள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். “உங்கட பிள்ளைக்குப் பல்லால கேக்குது. அப்ப உள்ளுக்குள்ள நல்லாயிருக்குப் போல. வெளியிலதான் என்னவோ அடைப்பு. நான் டொக்டர் இல்லை, எனக்குச் சொல்ல ஏலாது. ஆனா கெதியாக் காட்டுங்கோ.” பிறகு தன் மகளைப் பார்த்துவிட்டு, “இவள் கருவியைக் கழட்டிப்போட்டுக் கடிச்சுப் பாத்தவள். இவளுக்குக் கேக்கேல்லை” என்றார்.

அதைச் சொல்லும்போது அவருடைய முகம் வாடவில்லை. எங்களுடைய பிள்ளைக்குக் கேட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம். தன் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இருப்பதைப் பார்த்து ஒரு தாயால் அப்படிச் சந்தோசப்பட முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் மகளைச் சமாதானப்படுத்திக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டுத் திரும்பியபோது தாயும் மகளும் வெளியே போய்விட்டார்கள். நயினாதீவுக்காரராம். குறிகட்டுவானில் படகைப் பிடிக்கவேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினதாகப் பல்கலைக்கழகப் பிள்ளை சொன்னார். கணவர் எழுந்து ஓடினார். நாங்கள் பின்னால் போய்ச் சேரும்போது பஸ் புறப்பட்டு உருளத் தொடங்கியிருந்தது. அவர் யன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“அக்கா, நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது…”

“அதை விடும் தம்பி. திங்கக்கிழமையே கூட்டிக்கொண்டு போம்.”

அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சோதித்துப் பார்த்த வைத்தியர், இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டி, பசைபோல இறுகியிருக்கிறது என்றார். சின்ன வயதிலிருந்து அடிக்கடி வந்த சளித் தடிமலின் மிச்சம். நோவு இல்லாததால் பிள்ளையும் சொல்லவில்லை. காது கேட்பதென்றால் இவ்வளவுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். சில கிழமைகள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. பிறகு அந்த நீரை எடுக்க ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபோது எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கணவர் வாசலில் கும்பிட்டபடி நின்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்து வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “அம்மா, இந்த பஸ் ஏன் இப்பிடிக் கத்துது?” என்றாள். முன் சீற்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். வேலணை வரும்வரைக்கும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்களுக்கு ஒரு விளையாட்டுப்போல இருந்தன. குசினியில் தண்ணீர்ப் பைப் சொட்டுவதை அவள்தான் கண்டுபிடித்தாள். பல்லி சொன்னால் எங்கே எங்கே என்று தேடுவாள். பனை ஓலை காற்றில் அடிப்பதை மழை என்று நினைத்து வெளியே காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். நாங்கள் இருவரும் எங்களை அறியாமலே கத்திக் கதைக்கப் பழகியிருந்தோம் போல. “ஏன் சண்டை பிடிக்கிறீங்கள்? மெல்லமாக் கதையுங்கோ” என்று எங்களையே அதட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை விசயத்தைக் கேட்டுக் கண்கலங்கி, அவளை முன் வாங்குக்கு மாற்றினார். ஒரு காதில் சின்னக் குறை இன்னும் இருக்கிறது. ஒழுங்காகக் காட்டி வருகிறோம். ஆனால் சொல்வதெழுதுதலில் இப்போது அவள் யாரையும் பார்ப்பதில்லை.

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் சனத்துக்குள் அந்த இரட்டைப் பின்னலைத் தேடுவோம். இதுவரை காணவில்லை.

சென்ற வருடம் ஒருநாள் பஸ்ஸில் என் முன் சீற்றில் ஒரு தாயும் சின்ன மகளும். பிள்ளை படப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டவைத்து, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி ஏசிக்கொண்டே வந்தார். பிள்ளைக்குப் பார்வையில் குறையோ என்று எனக்குப் பட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவருடைய பிள்ளையைப் பற்றிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் விளங்கியது. நாரந்தனை தாண்டும்வரை மனதுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் குனிந்து, பிள்ளையின் கண்ணை ஒருக்காக் காட்டிப் பாருங்கோ என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இறங்கும்போது, படியில் நின்று பிள்ளையின் முகத்தை நாடியில் பிடித்து நிமிர்த்தி, அந்தக் கண்களைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

கூட்டிக்கொண்டு போனாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. எங்களுடைய கோபத்தைப் பொருட்படுத்தாமல் ஒரு பெண் அன்றைக்கு விலகாமல் நின்றதால்தான் என் மகள் இன்று மழையையும் பனை ஓலையையும் பிரித்துக் கேட்கிறாள் என்பதை நினைத்தால், இன்னொரு தாயின் கோபத்துக்குப் பயந்து நான் இனி ஒருநாளும் பேசாமல் இருக்கமாட்டேன்.