ஜப்பான் காட்டேரிக்குத் திருவொற்றியூர்க் குரல்

அந்தப் படத்தில் சூரியனே கிடையாது. எப்போது பார்த்தாலும் பௌர்ணமிதான், அதுவும் கோட்டையைவிடப் பெரிய நிலா. கதாநாயகன் காட்டேரிகளை வேட்டையாடுகிறவன். அவன் உயரத்தைவிட அவன் கத்தி நீளம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிற அறைக்குள் நின்றாலும் அவன் கழுத்துத் துண்டு மட்டும் படபடவென்று பறக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. காட்டேரி ராஜாவுக்கோ ஊதா முடி, தோளில் இரும்புத் தகடு, தரையைப் பெருக்கிக்கொண்டு வரும் கறுப்பு அங்கி. ஒருத்தனை அடிப்பதற்கு முன்னால், என்ன அடி அடிக்கப் போகிறான் என்று அதன் பெயரைச் சொல்லிக் கத்துவான். எதிராளியும் மரியாதையாகக் காத்திருந்து வாங்கிக்கொள்வான். ரத்தம் சொட்டுச் சொட்டாக எல்லாம் வராது. மெயின் பைப் உடைந்த மாதிரி பீய்ச்சி அடிக்கும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடம். திருவொற்றியூரில் மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஓர் அறையும் அடுப்படியுமாக எங்கள் வீடு. நான் பிளஸ் ஒன், தம்பி எட்டாவது. அவன் பர்மா பஜாரில் பேய்ப் படம் என்று கேட்டு வாங்கி வந்த விசிடிதான் இது. கடைக்காரர் இங்கிலீஷ் படம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாராம். போட்டுப் பார்த்தால் ஜப்பான்காரன் வரைந்த பொம்மைப் படம். பேச்சு ஜப்பான் பாஷை, கீழே ஓடுகிறது சீன எழுத்து.

"இன்னாடா இத்தப் போயி வாங்கியாந்துக்கிற?" என்று தம்பியின் மண்டையில் ஒன்று வைத்தேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கால் மணி நேரத்தில் டிவி முன்னாலேயே ஒட்டிக்கொண்டேன்.

பாஷை புரியாவிட்டால் என்ன, டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு நாமே பேசிவிட்டால் போகிறது. தம்பி வேட்டைக்காரனுக்கு, "அற்பப் பதரே! உன் இறுதி நெருங்கிவிட்டது!" என்று சுத்தத் தமிழில் ஆரம்பித்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் காட்டேரிக்கு, "டேய் கஸ்மாலம், கதவத் தட்டிட்டு வரத் தெர்ல உனுக்கு? இது இன்னா வூடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கொடுத்தேன். படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்த சிரிப்பில் டீயைப் பாயில் கொட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் மாடியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதே படத்துக்கு எங்கள் வீட்டில்தான். காட்டேரிக்கும் பெண்களுக்கும் நான், மீதிப் பேருக்கெல்லாம் தம்பி.

எங்கள் மெட்ராஸ் பேச்சைச் சினிமாவில் ரவுடிக்கும் காமெடியனுக்கும்தான் கொடுப்பார்கள். ஒரு ராஜாவுக்குக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் கெத்து. இந்தப் படத்தில் எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். யாரும் எதையும் மனசுக்குள் பூட்டி வைப்பதில்லை. நெஞ்சில் கத்தி இறங்கின பிறகும் காட்டேரி நின்று நிதானமாகத் தன் சோகக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாவான்.

எங்கள் வீட்டில் கதையே வேறு. நைனாவுக்கு மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு முன்னால் லாக்-அவுட் என்று கேட்டைப் பூட்டினார்கள். சித்திரை பிறந்தும் திறக்கவில்லை. அம்மா யாரையும் கேட்கவில்லை, காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பொழுதுக்கும் ஐஸ் தண்ணீரில் கை. அவள் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து நைனா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை, சத்தம் ஒன்றும் இல்லை. சும்மா நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் என்ன, ரோஷத்தில் குறைந்தவளா? அவளும் நிறுத்திவிட்டாள்.

நடுவில் மாட்டினது நான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, கொயம்புல உப்பு இல்லனு."

"உங்க நைனாகிட்ட சொல்லு, உப்பு டப்பா அவுரு கையாண்டதான் கீதுனு."

இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று தட்டு வைக்கிற இடம்தான் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று கத்தினேன். நைனா அசரவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, புள்ளைக்கு வாய் நீண்டுபோச்சுனு" என்றார்.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது பயம். இவர்கள் இப்படியே இருந்து பழகிவிட்டால் என்ன செய்வது? தேரடிப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மனைப் பார்த்து, கம்பெனி கேட் அப்புறம் திறக்கட்டும் தாயே, முதலில் இவங்க இரண்டு பேரும் வாயைத் திறக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூத்து நடக்கும்போதும் நைனா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். தூங்குகிறாரா முழித்திருக்கிறாரா என்றே தெரியாது. அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டாள்.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெயிலுக்கு ஐஸ் ஐஸாக வாங்கித் தின்றதன் பலன். வாயைத் திறந்தால் வெறும் காற்று. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், படமும் ஓட ஆரம்பித்துவிட்டது. சவப்பெட்டி மூடி விலகுகிறது, புகை வருகிறது, ஐந்நூறு வருடம் தூங்கின காட்டேரி ராஜா எழுந்து நின்று வாயைத் திறக்கிறான். குரல் இல்லை. தம்பி என்னைப் பார்க்கிறான், நான் தொண்டையைக் காட்டுகிறேன்.

"எவண்டா அவன், என் கோட்டைக்குப் பூட்டு போட்டது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுவர் பக்கம் படுத்திருந்த நைனாதான்.

"நோட்டீஸ் குட்த்தியா? யூனியன்ல பேசுனியா? நீ பாட்டுக்குப் பூட்டிகினு பூட்ட?"

அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! நைனா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு காட்டேரி நிற்கவே இல்லை. வேட்டைக்காரன் கத்தியை உருவினால், "இன்னாத்துக்குடா அவ்ளோ நீட்டு கத்தி, வாயப்பயத் தாரு வெட்டவா?" என்கிறார். ஊர் ஜனங்கள் தீப்பந்தத்தோடு திரண்டு வந்தால், "நானாவது ராவுல மட்டும்தான் ரத்தம் குடிக்கிறேன். உங்க மொதலாளி மூணு ஷிப்டும் குடிக்கிறானே, அவன் வூட்டாண்ட போனீங்களாடா?" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் அண்ணே, முடியல" என்று கும்பிட்டாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் நைனா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. காட்டேரி தூக்கி வந்த மணப்பெண் ஆளில்லாத பெரிய மண்டபத்தில் தனியாக நிற்கிறாள். அவன் அவள் முன்னால் மண்டியிடுகிறான். நெடுநேரம் வாயசைக்கிறான். எப்போதும் அந்த இடத்தில் நான் பிரியாணியைப் பற்றியோ தங்க நகையைப் பற்றியோ ஏதாவது உளறி ஒப்பேற்றுவேன்.

நைனா சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, கிண்டல் எல்லாம் போன குரலில் பேசினார்.

"இன்னாமே பண்றது. உன்னக் கட்டி இட்டாரசொல்ல பெர்சா பேசுனேன். ராணி மாரி வச்சிக்கிறேன்னு சொன்னேன். இப்ப நீ போயி ஐஸ்ல கைய வச்சிகினு கீற. சாயங்காலம் நீ வந்தா உன் கை வெரலப் பாக்கறேன். அப்பால மூஞ்சப் பாக்க முடியல. அதான் பேசல. கோவம்லாம் ஒண்ணுமில்ல."

"காட்டேரி கோட்டையில ஏது ஐஸு?" என்று ஒரு பொடியன் கேட்க, பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. படத்தில் அந்தப் பெண் இப்போது பதில் சொல்ல வேண்டும். பெண் குரல் என் பங்கு. என்னால் முடியாது.

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். டிவியைத்தான் பார்த்தாள்.

"ராணி மாரி வையினு நான் கேட்டனாய்யா?" என்றாள். "கை வெறச்சா இன்னா, அடுப்புல காட்டுனா சரியாப்பூடும். வூட்டுக்கு வந்தா வூடே வெறச்சிகினு கீது பாரு, அத்த எந்த அடுப்புல காட்டுறது?"

இதைச் சொல்லும்போதே அவள் டிவியிலிருந்து திரும்பிவிட்டாள். நேராக நைனாவைப் பார்த்தாள். நைனாவும் பார்த்தார். நடுவில் நான் இல்லை.

அந்த நேரம் பார்த்து வேட்டைக்காரன் கோட்டை ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தான். கண்ணாடி பறக்கிறது, துண்டு பறக்கிறது. தம்பி தன் பங்கை விடுவானா? "டேய் ரத்தக் காட்டேரி! வுட்றா அந்தப் பொண்ண!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நைனா அம்மாவைப் பார்த்த கண்ணை எடுக்காமல் அவன் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

"இர்றா டேய். பேசிகினு கீறோம்ல?"