நீலப் பக்கச் சரிவு

கணினித் திரையில் இருந்த வளைகோட்டின் இடப்பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இப்ப பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குது" என்று என் ஆய்வு நெறியாளர் சொன்ன அந்தக் காலையை நினைத்தால், இன்றும் என் பல் தானாகக் கடிபடுகிறது.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறை அது. தொலைதூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் மையத்தை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரும் கருந்துளை. அதைச் சுற்றி ஒளிரும் வாயு. ஆக்சிஜன் உமிழும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சீரான முகடு ஒன்று வர வேண்டும். எனக்கு வந்ததோ நீலப் பக்கமாக, அதாவது இடப்பக்கமாக, சரிந்து வால்போல் நீண்டிருந்தது. வாயு மையத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டு, நம்மை நோக்கி அசுர வேகத்தில் வருகிறது என்று அதற்குப் பொருள். எதிர்ப்பக்கம் ஓடும் வாயுவைத் தூசி மறைத்துவிடுகிறது. ஆனால் வாயு உள்ளே விழுகிறது என்றே காலமெல்லாம் எழுதி வந்தவர் அவர். சரிவு கருவியின் கோளாறு, வெட்டிவிடு என்றார். நான் மறுத்தேன்.

அன்று மதியமே மற்ற மாணவர்கள் முன்னால் என் ஊரை இழுத்துச் சொன்னார்: "காணையில கரும்பு வெட்டிக்கினு இருக்க வேண்டியது, இங்க வந்து கோடு வெட்ட மாட்டேன்னுது." யாரோ சிரித்தார்கள். அதன்பின் என் ஆய்வேட்டில் கையெழுத்திடாமல் இழுத்தடித்தார். என் அப்பா பேசிப் பார்க்க வந்தபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பினார். காணைக்குத் திரும்பும் பேருந்தில் அப்பா பயணச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "அந்தாளுகிட்ட இனிமே போவாதம்மா. வேற யார்னா பாரு" என்றார்.

வேறொரு பேராசிரியை என்னை ஏற்றுக்கொண்டார். இன்னொரு தொலைநோக்கியின் தரவை எடுத்து அதே மையத்தைப் பார்த்தேன்; அதே சரிவு. என் வாய்மொழித் தேர்வுக்குப் பழைய நெறியாளரும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். கருவிக் கோளாறுதானே என்று கேட்டார். இரண்டு கருவிகளுக்கும் ஒரே கோளாறு எப்படிங்க சார் வரும் என்று கேட்டேன். முடிவை அறிவிக்கும் முன்பே எழுந்து போய்விட்டார்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் அங்கே நடந்த கருத்தரங்குக்கு ஓய்வுபெற்ற அவரைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். பேச வேண்டியவள் நான். வெளியேறும் வாயுவைப் பற்றித் தானே கண்டுபிடித்ததுபோல அவர் விவரித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "நம்ம பொண்ணுதான், என் ஸ்டூடண்ட்" என்றார்.

மைக்கை வாங்கினேன். "இல்லீங்க சார். நீங்க கையெழுத்து போடல" என்றேன். அவர் தண்ணீர்ப் புட்டியைத் திறக்க முயன்றார், மூடி திரும்பவில்லை. நான் பேசத் தொடங்கினேன்.

தேநீர் இடைவேளையில் சக ஆசிரியை, "வயசானவரு மேடம், விட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்னதற்காக, மனதில் அந்த மனிதர்மேல் இரக்கம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். இல்லை.