ஊசி போடும் நர்சம்மா ஊசி போட்டுக்கொண்ட கதை

அந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நர்சம்மாவுக்குப் பஞ்சுக்கை என்று பெயர். எப்போது குத்தினார், எப்போது எடுத்தார் என்றே தெரியாது. மற்ற நர்சுகள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர் மேசை முன்னால்தான் கூட்டம் முண்டும்.

ஆனால் தனக்கு ஊசி என்றால் மட்டும் அவருக்குக் குலை நடுங்கும். ரத்தப் பரிசோதனையா? நாளைக்குப் பார்க்கலாம். நாளைக்குக் கேட்டால் அதற்கு மறுநாள். இந்த ரகசியம் தெரிந்தவர் அவருடைய வீட்டுக்காரர் ஒருவர்தான். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர், ஆஸ்துமாக்காரர்.

குளிர் தொடங்கியதும் டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டார். "நோயாளிகளைத் தொடுற நாம முதல்ல ஃப்ளூ ஊசி போட்டுக்கணும். இல்லன்னா இங்க வாங்கறதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடுவோம்" என்றார். பஞ்சுக்கை எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டினார். அப்புறம் தினமும் ஒரு சாக்கு. ஒரு நாள், கூட்டம் ஓயட்டும் என்றார். இன்னொரு நாள், இடது கையில் பை தூக்க வேண்டும் என்றார். வலது கையில் போடலாமே என்று புது நர்ஸ் கேட்டதற்கு, எழுதுகிற கையாயிற்றே என்றார்.

இதற்கிடையில் தையல்காரர் ஊசி போட வந்தார். ஆஸ்துமாவுக்குக் கட்டாயம் வேண்டும் என்று அவரை விரட்டி வரவழைத்ததே பஞ்சுக்கைதான். மனைவி கையாலேயே போட்டுக்கொண்டு எழுந்தவர், "நீ போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார்.

"இதோ, பஞ்சு தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனவர் போனவர்தான்.

சாமான் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முக்காலியில் ஒடுங்கியிருந்தவரைத் தையல்காரர் கண்டுபிடித்தார்.

"போன வருஷம் உன் காய்ச்சல் எனக்கு ஒட்டி, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தேனே, ஞாபகமிருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப எத்தனை ஊசி குத்தினாங்க?"

"அதைச் சொல்லாதீங்க, மயக்கம் வருது."

"நான் ஊசியோடதானே பொழப்பு நடத்தறேன்? விரல்ல குத்திக்காத நாளே இல்ல. வா, கையப் பிடிச்சுக்கறேன்."

போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே மிரண்டிருந்த அவர் கண்கள் பஞ்சுக்கைக்கு நினைவு வந்தன. சட்டென்று எழுந்துவிட்டார்.

புது நர்ஸ் ஊசியோடு பக்கத்தில் வந்தார். பஞ்சுக்கை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஐயோ!" என்று அலறிய அலறலில், வரிசையில் பாதிப் பேர் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

"அக்கா, இன்னும் போடவே இல்ல. பஞ்சுதான் வெச்சேன்."

"சொல்லாத, போடு!"

போட்டாயிற்று. ஓடியவர்களைக் கூட்டிவர அவரே வெளியே போக வேண்டியதாயிற்று. மீசையும் தொப்பையுமாக ஒரு லாரி டிரைவர், "உங்களுக்கே இப்படின்னா எங்க கதி என்னம்மா?" என்றார்.

"வலி கொஞ்சந்தாங்க, பயந்தான் ஜாஸ்தி. கத்தணும்னா நல்லா கத்துங்க. நான் கத்தலயா?"

டிரைவர் உட்கார்ந்து மனம்விட்டுக் கத்தினார். அன்று முழுவதும் அந்த அறையில் ஒரே கூச்சலும் சிரிப்பும்தான்.

சாயங்காலம் வீட்டில் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் இடது கை கனத்தது. யார் சமைப்பது என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் தையல்காரர் சட்டியைப் பிடித்துக்கொள்ள, பஞ்சுக்கை கிளறினார்.