புளியங்கொட்டையில் ஓடிய பனியன் கம்பெனி

பிளீச்சிங் பவுடர் நெடி... ஈரத்துணியோடு கலந்து மூக்கில் ஏறும். எழுபதுகளின் திருப்பூர் எனக்கு அதுதான்.

கோவையில் எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்காகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு மாதம். அங்கே புரொடக்‌ஷன் ரிஜிஸ்டர் எழுதியவர் கமலம். என் வயதுதான்.

சரக்கு ஏன் எப்போதும் லேட்டாகவே போகிறது என்பது என் கேள்வி. ஓடுகிற கம்பெனியை நிறுத்திச் சோதிக்க முடியுமா? கம்ப்யூட்டரும் கிடையாது.

அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் கமலமும் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். துணி பின்னும் நிட்டிங், பிளீச்சிங், கட்டிங், தையல். ஒரு புளியங்கொட்டை என்றால் ஒரு கட்டுத் துணி. கமலத்தின் ரிஜிஸ்டரில் இருந்த ஒவ்வொரு நாளையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போட்டோம். மழை, துணி காயவில்லை... ஊசி உடைந்தது... டெய்லர் லீவு...

ஒரு சீட்டு எடுத்து, அதன்படி கொட்டையை நகர்த்தினால் ஒரு நாள் முடிந்தது.

எத்தனை முறை ஓட்டினாலும் தையல் கட்டத்துக்கு முன்னால் கொட்டை குவிந்தது.

ஒருநாள் கமலம் கேட்டார். "ஏனுங்க, நிட்டிங் மிஷினை அப்பப்ப நிறுத்திப் பாத்தா என்னுங்க?"

மிஷின் சும்மா நின்றால் நஷ்டம் என்றுதான் நான் படித்திருந்தேன். அதையே சொன்னேன்.

"நெசத்துல நிறுத்தச் சொல்லலீங்க. கொட்டையத்தானுங்களே."

அதே சீட்டுகளை அதே வரிசையில் வைத்து, நிட்டிங்கை மட்டும் இடையிடையே நிறுத்தி மறுபடி ஓட்டினோம். தைத்து முடிந்தது ஏறக்குறைய அதே அளவு. குவியல் மட்டும் இல்லை. ஒவ்வொரு கட்டும் சீக்கிரமே வெளியே வந்தது.

வாரக்கணக்கில் சீட்டை மாற்றி மாற்றி ஓட்டித்தான் காரணம் விளங்கியது. மெதுவான இடத்தின் வேகம்தான் மொத்தக் கம்பெனியின் வேகம்; அதற்கு முன்னால் இருப்பவர்கள் அவசரப்பட்டால் காத்திருப்புதான் கூடும். என் கட்டுரையின் உயிரே அதுதான்.

அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மேலே என் பெயரும் புரொஃபசர் பெயரும். கமலம் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க."

திருப்பிக் கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது... அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே. கட்டுரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த முறை போனபோது, கல்யாணமாகித் தாராபுரம் போய்விட்டார் என்றார்கள்.

இன்று என் லேப்டாப்பில் ஒரு கம்பெனியின் ஒரு வருஷமே கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிகிறது. அன்று ஒரு நாளை ஓட்ட இருவர் வேண்டியிருந்தது. விடை வந்ததும் யாரிடமாவது காட்டத் தோன்றுகிறது... ஒருவரிடம்தான் தோன்றுகிறது.

தாராபுரத்துக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது.

நான்தான் இன்னும் ஏறவில்லை.